குடல் பையும் மட்டை அரிசியும்

பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் பிதுங்குவதை டைவர்டிகுலோசிஸ் என்கிறார்கள். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. பை வீங்கிப் புண்ணானால்தான் வயிற்றுவலி, காய்ச்சல் எல்லாம்.

1971இல் பெயின்டர், பர்கிட் என்ற இரு மருத்துவர்கள், 1880 வாக்கில் வந்த உருளை ஆலைகள் மாவிலிருந்து தவிட்டை நீக்கியதே காரணம் என்று எழுதினார்கள். ஆப்பிரிக்க கிராமங்களில் இந்நோய் அபூர்வம் என்பது அவர்கள் சான்று. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் மட்டை அரிசி தேடும் பாலக்காட்டுக்காரனுக்கு இனிப்பான செய்திதான்!

ஆனால் 2012இல் வந்த அமெரிக்க ஆய்வில், நார்ச்சத்து அதிகம் உண்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. பை புண்ணாவதை நார்ச்சத்து குறைக்கலாம் என்பது வேறு ஆய்வுகளின் முடிவு. ஆக, மட்டை அரிசியை விட வேண்டாம்.

கொட்டை வகைகள், மக்காச்சோளம் ஆகாது என்று மருத்துவர்கள் வெகுகாலம் தடுத்தார்கள். சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, அந்தப் பழியைத் துடைத்தது.

வலி நின்றதும் மூணாறிலிருந்து தேனிக்கு மறுபடி மலையிறங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் ஸ்கேனில் புற்றுநோயும் இதே மாதிரி தெரியலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து, அண்மையில் செய்யாதவர்களைக் கொலோனோஸ்கோபிக்கு வரச் சொல்கிறார்கள். வட்டி கட்டியதோடு கடன் கணக்கு முடிவதில்லை, நண்பர்களே.