துரைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரி

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை இருக்கிறது. அங்குள்ள மகளிர் கிறித்தவக் கல்லூரியால்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவ்வழியே போகிறவர்களில் பலர் நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது 1915-இல். சாலைக்குப் பெயர் கொடுத்த கல்லூரி அதற்கு நூறாண்டு மூத்தது. அது பட்டம் எதுவும் தந்ததில்லை. மாணவர்களுக்கு அங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்கென்று கப்பலேறி வந்து, வெளி ஜில்லாவுக்கு அனுப்பப்படும் முன் பட்டணத்தில் பழகிக்கொண்டிருந்த ஆங்கிலேய இளைஞர்களுக்காக 1812-இல் ஏற்பட்டது அது. பெயர், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. பின்னாளில் அது இயங்கிய இடம்தான் டி.பி.ஐ. வளாகம் என்று பெயர்பெற்றது.

அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளில் கம்பெனியின் புதுப் பையன்களுக்கு இப்படியொரு பயிற்சி கிடையாது. 'ரைட்டர்' என்ற அடிமட்ட எழுத்தராகச் சேர வேண்டும். கணக்கேடு எழுத வேண்டும். கடிதங்களுக்குப் படியெடுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழிந்தால் 'பாக்டர்', அப்புறம் வணிகர் என்று படிப்படியாக உயரலாம். எலிஹு யேல் 1672-இல் ஆண்டுக்குப் பத்து பவுன் சம்பளத்தில் வந்து சேர்ந்து, பின்னாளில் சென்னைக்கே கவர்னரானார். ராபர்ட் கிளைவ் 1744-இல் வந்தபோது சம்பளம் ஐந்து பவுன். வழியில் அவர் வந்த கப்பல் பிரேசிலில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததில் போர்த்துகீசியம் கொஞ்சம் கற்றுக்கொண்டார். வந்து சேர்ந்த ஊரின் பேச்சுதான் தெரியவில்லை.

தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை. பேசத் துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். துரைக்கு வீடு பார்த்து, வேலைக்காரர்களை அமர்த்தி, கடன் வாங்கிக் கொடுத்து, அவர் பெயரில் வியாபாரமும் செய்தார் துபாஷி. சம்பளம் சொற்பம், செலவோ நவாப் செலவு. ஆகவே பல இளைஞர்கள் பதவிக்கு வருமுன்பே துபாஷிகளுக்குக் கடன்பட்டிருந்தார்கள். கம்பெனி அதிகாரிகளான ஹாலண்ட் சகோதரர்களின் துபாஷியான அவதானம் பாப்பையா வேறொரு அதிகாரியைக் கவிழ்க்கச் சதி செய்த வழக்கில் 1792-இல் தண்டிக்கப்பட்டார். பட்டணமே அந்த வழக்கைப் பேசியது. இன்றும் சூளையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

கம்பெனி வெறும் வியாபாரியாக இருந்தவரை இது சமாளிக்கக்கூடியதுதான். மைசூர்ப் போர்களும் பாளையக்காரர் போர்களும் முடிந்து, 1801-இல் கர்நாடக நவாபின் நாடும் கைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. வரி தண்ட வேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும். ரயத்து கொண்டுவந்து நீட்டும் அர்ஜியைச் சிரஸ்தார் எப்படிப் படித்துக் காட்டுகிறாரோ அப்படித்தான் கலெக்டருக்கு அது புரியும். இந்தப் பயத்தில் பிறந்ததுதான் கல்லூரி. கல்வி ஆர்வம் அதற்கு அடுத்தபடிதான்.

அதை வடிவமைத்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். அவரே 1796-இல் ரைட்டராக வந்தவர். 1810-இலிருந்து சென்னையின் கலெக்டர். இங்கிலாந்தில் ஹெயிலிபரிக் கல்லூரியில் கொஞ்சம் பொருளாதாரமும் கொஞ்சம் கீழை மொழியும் படித்துவிட்டு வந்தவர்களைத் தமிழிலோ தெலுங்கிலோ தென்னகத்தின் வேறொரு மொழியிலோ தேற்றி அனுப்புவது இங்கே நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு. தேறத் தேறப் படி உயரும். மொழியில் சிறந்து விளங்குகிறவருக்கு ஆயிரம் வராகன் வரை வெகுமதி உண்டு. தேறாதவருக்கு ஜில்லா வேலை தள்ளிப்போகும். ஆகவே பயிற்சியின் கடைசி நாட்களில் அந்த இளைஞர்களின் எதிர்காலம் கட்டுக்குடுமிப் பண்டிதர்களின் பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளப் போகிறவன் ஆளப்படுகிறவனிடம் திருத்தம் வாங்கிய இடம் கம்பெனி ராஜ்ஜியத்தில் வேறு அதிகம் இருந்திருக்காது.

பயிற்சிக்கு வந்த நூற்றுக்கணக்கானவர்களில் பெரும்பாலோரை இன்று யாருக்கும் தெரியாது. மொழியைத் தேர்வுக்காகப் படித்தார்கள், தேறினார்கள், போனார்கள். நின்றது ஆசிரியர்களின் வேலை. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் பெயர்த்தார். 1826-இல் அது அச்சானது. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலம். பாட்டில் தோய்ந்த பண்டிதர் ஒருவர், துரை படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வசனத்தில் கதை சொல்லிப் பழகினார். தமிழ் உரைநடையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போவதில்லை. அ. முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் தென் ஜில்லாக்களுக்கு அனுப்பினார், வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடிக்கொண்டு வர. தேடிய கையோடு அவர் வீரமாமுனிவரின் வரலாற்றையும் எழுதிவிட்டார். முனிவரின் சதுரகராதி 1824-இல் கல்லூரியின் முயற்சியால் அச்சேறியது.

எல்லிஸ் ஒரு படி மேலே போனார். கல்லூரிக்காக ஏ. டி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு 1816-இல் ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார் அதில். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல்; இது அதற்கு நாற்பது ஆண்டு முந்தையது. பயிற்சிக்கு வந்த பையன்களுக்கான பாடப்புத்தகத்தின் முன்பக்கங்களில் இப்படியொரு கண்டுபிடிப்பு ஒளிந்திருந்ததை உலகம் நெடுநாள் கவனிக்கவில்லை. எல்லிஸ் 1819-இல் ராமநாதபுரத்தில் நஞ்சு கலந்த மருந்தைத் தவறுதலாக உட்கொண்டு இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தாள்களில் ஒரு பகுதி மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையற்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்பட்டதாகக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார்.

படித்துவிட்டுப் போனவர்களில் விதிவிலக்கும் உண்டு. சார்லஸ் பிலிப் பிரவுன் 1817-இல் வந்து, வெலகபூடி கோதண்டராம பந்துலுவிடம் தெலுங்கு எழுத்துப் பழகி, 1820 ஜூனில் தேறி, ஆகஸ்டில் கடப்பைக்குப் போனார். அங்கே தெலுங்கு அவரைப் பிடித்துக்கொண்டது. வேமனரின் பாடல்களை 1829-இல் அச்சிட்டார்; 1852-இல் தெலுங்கு-ஆங்கில அகராதி வந்தது. கடப்பையில் அவர் குடியிருந்த இடத்தில் இன்று அவர் பெயரில் நூலகம் நிற்கிறது. தேர்வோடு படிப்பு முடியாத மாணவர் ஒருவர் கிடைத்தால் அந்தக் கல்லூரியின் செலவு முழுவதும் வசூலாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பழகுநர்களுக்குச் சம்பளம் இருந்தது. கம்பெனிக் கச்சேரிகளின் திண்ணையில் சம்பளமே இல்லாத இன்னொரு கூட்டம் பழகிக்கொண்டிருந்தது: உமேதுவார்கள். யாராவது ஓய்வுபெறுவார், அல்லது இறப்பார், அந்த இடம் தமக்கு வரும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் படியெடுத்துக் கொடுத்தும் கணக்குப் போட்டுக் கொடுத்தும் காலம் தள்ளியவர்கள். இவர்களுக்குக் கல்லூரியும் கிடையாது, வெகுமதியும் கிடையாது. திருவாரூரில் தந்தையை இழந்த முத்துசாமி என்ற சிறுவனுக்கு ஓரளவு நல்ல காலம். கிராமக் கணக்கருக்கு எடுபிடியாக மாதம் ஒரு ரூபாய் கிடைத்தது. ஆற்றங்கரை உடைந்ததை விசாரித்துவரத் தாசில்தார் ஒருநாள் அவனை அனுப்பினாராம். உடைப்பை அடைக்க எத்தனை ஆள், என்னென்ன சாமான் என்பதுவரை பையன் விவரம் கொண்டுவந்தானாம். தாசில்தார் அவனைப் படிக்க வைத்தார். அந்தச் சிறுவன்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர்.

கல்லூரி 1854-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. அதன் பிறகு பழகுநர்களுக்குப் பயிற்சி பெரும்பாலும் இங்கிலாந்திலேயே நடந்தது. தரம் உயர்ந்ததா என்பது வேறு கேள்வி. 1890-இல் ஐ.சி.எஸ். தேர்வில் தேறிய அரவிந்த கோஷ் கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டு பழகுநராக இருந்தார். அங்கே வங்காளி சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய நீதிபதி. பங்கிம் சந்திரரின் பத்தியொன்றைக் காட்டியதும் இது வங்காளியே இல்லை என்று சொல்லிவிட்டாராம். சொன்னவர் அரவிந்தரேதான். தாண்டவராய முதலியாரின் மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அரவிந்தர் பயிற்சியின் எல்லாப் பாடங்களிலும் தேறினார். மிச்சமிருந்தது குதிரையேற்றம் ஒன்றே. அதற்கும் தவணைமேல் தவணை கொடுத்தார்கள். 1892 நவம்பரில் கடைசி அழைப்பு வந்தபோதும் அவர் போகவில்லை. ஆங்கில அரசுக்கு வேலை பார்க்க மனமில்லாமல் வேண்டுமென்றே தவிர்த்தார். பெயர் நீக்கப்பட்டது. பரோடா போய், வங்காளம் போய், 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சுபாஷ் சந்திர போஸ் இவ்வளவு சுற்றுவழி தேடவில்லை. 1920 தேர்வில் நான்காவதாக வந்தவர், பயிற்சி முடியுமுன் 1921 ஏப்ரலில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்; பயிற்சிப் படியாக வாங்கிய நூறு பவுனைத் திருப்பித் தருவதாகவும் அதில் குறிப்பிட்டார்.

எல்லிஸ் காலத்தின் கடைசித் தடை மொழி, அரவிந்தருக்குக் குதிரை. விடுதலைக்குப் பிறகு குதிரை உடனே ஓய்வு பெற்றுவிடவில்லை. 1951 அணியில் சென்னை மாகாணத்துக்கு வந்த அன்னா ராஜம், நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் ஒருவர், குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் கற்றவர். இருந்தும், சப்-கலெக்டர் வேலை பெண்ணுக்குச் சரிப்படுமா என்று முதல்வர் ராஜாஜி தயங்கினார். தலைமைச் செயலகத்தில் உட்காரச் சொன்னதை அன்னா ஏற்கவில்லை. வாதாடி ஓசூருக்குப் போனார்.

இப்போது முசூரியில் வகுப்பு முடித்து வருகிறவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் 'உதவி ஆட்சியர் (பயிற்சி)' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கிறார்கள். அடங்கலும் சிட்டாவும் புரியக் கிராம நிர்வாக அலுவலரோடு வயல்வரப்பில் நடக்கிறார்கள். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980-இல் ஒழித்த பிறகு வந்த பதவி அது. தமிழ் தாய்மொழியல்லாத அதிகாரிகளுக்கு அதற்கு மேல் ஒன்று பாக்கி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளில் தமிழ் மொழித் தேர்வும் உண்டு. எழுதித் தேறினால் மட்டும் போதாது, தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து தமிழில் பேசியும் காட்ட வேண்டும்.