மருந்து அடித்த கைகளும் மாநாட்டு மேசைகளும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு சிறு பணி கொடுத்திருந்தேன். தாத்தா பாட்டியர் என்ன வேலை செய்தனர் என்று கேட்டு எழுதி வரவேண்டும். "என் பாட்டி தோட்டத்தில் மருந்து அடித்தார்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்த மாணவன், "உன் பாட்டி தாதியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. என் தாயாரும் அதே மருந்தை அடித்தவர்தாம்.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, பால்மரம் வெட்டிய பெண்கள் பலர் மருந்து அடிக்கும் வேலைக்கு மாற்றப்பட்டனர். உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவதற்காக ஒவ்வொரு மரத்தின் அடியிலும் புல்லின்றி வட்டமாக வைத்திருக்க வேண்டும். அந்தப் புல்லைக் கொல்லத் தெளித்தது பராகுவாட் என்னும் நஞ்சு. அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், தெளிப்பானை முதுகில் சுமந்து நிரை நிரையாக நடப்பார். மாலையில் அவருடைய நகங்கள் வெளுத்து வெடித்திருக்கும். சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். "வெயில் சூடு" என்பார். நாங்களும் நம்பினோம்.

விதி முன்பே இருந்தது

பராகுவாட் 1962ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ஒரு மிடறு விழுங்கினாலே உயிர் போகக்கூடும், முறிமருந்து கிடையாது. தோலில் பட்டால் புண்ணாகும், நகம் கெடும், சாரல் மூக்கில் ஏறினால் இரத்தம் வடியும். சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் இதனைத் தடை செய்துவிட்டன.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிகளுக்கான அனைத்துலக நடத்தை நெறியை வெளியிட்டது. வெப்ப நாடுகளில் அணிய இயலாத கனத்த பாதுகாப்பு உடை தேவைப்படும் நஞ்சுகளைத் தவிர்க்குமாறு அந்நெறி அறிவுறுத்தியது. எங்கள் தோட்டத்து வெயிலைப் பார்த்தே எழுதியது போன்ற விதி! ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நின்றது. அம்மாவின் செம்பனை நிரைக்கு அது வந்து சேரவில்லை.

கணக்கெடுத்தவர்கள்

ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கூட்டமைப்பும் தோட்டங்களுக்குச் சென்று, மருந்து அடிக்கும் பெண்களின் நோய்களைக் கேட்டுப் பதிவு செய்தன. அந்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் நூலாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், பராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மலேசிய அரசு அறிவித்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தோட்டத் தொழில்துறையினர் எதிர்த்தனர். 2006 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பாவில் நடந்ததையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2003இல் ஐரோப்பிய ஆணையம் இந்நஞ்சுக்கு அனுமதி வழங்கியது. சுவீடன் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2007 சூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை நீக்கியது. அங்கே நஞ்சு வெளியேறிய காலத்தில், இங்கே அது திரும்பி வந்தது.

உரோட்டர்டாம் உடன்படிக்கையின் கதையும் இத்தகையதே. ஆபத்தான வேதிப்பொருள்களை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்னறிவிப்பு கொடுத்து ஒப்புதல் பெறவேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாடு, தன் உழவர்கள் பாதிக்கப்பட்டதைக் காட்டி, பராகுவாட் கலவையொன்றை அதன் பட்டியலில் சேர்க்கக் கோரியது. வல்லுநர் குழு பரிந்துரைத்தும், 2013 மாநாட்டில் சில நாடுகள் மறுத்தன. எல்லா நாடுகளும் இசைந்தால்தான் முடிவு என்பதால் அந்தக் கோரிக்கை அப்போது நிறைவேறவில்லை.

மேசையில் யாருக்கு இடம்?

செம்பனை எண்ணெய்க்கென்றே ஆர்.எஸ்.பி.ஓ. எனப்படும் வட்டமேசை அமைப்பு 2004இல் தோன்றியது. இன்று அது வகுக்கும் தரம்தான் உலகச் சந்தையில் பேசப்படுகிறது. தோட்ட உரிமையாளர், ஆலையினர், பொருள் உற்பத்தியாளர், சில்லறை வணிகர், வங்கியாளர், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் என ஏழு பிரிவினர் அதில் உறுப்பினர். தொழிற்சங்கங்களுக்கென்று தனிப்பிரிவு இல்லை. மருந்து அடிப்பவரின் குரலைச் சமூக அமைப்புகள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். 2005இல் வகுத்த நெறிகள் பராகுவாட்டைக் குறைக்கவோ நீக்கவோ வழி தேடச் சொல்லின. விதிவிலக்கான சூழல் தவிரப் பயன்படுத்தக் கூடாது என்று உறுதியாகச் சொல்ல 2018 வரை ஆயிற்று.

மலேசியாவில் முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 சனவரி முதல் நாள். முதல் அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஐரின் அம்மையார் 2014இலேயே மறைந்துவிட்டார். செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்பதான் தெரிஞ்சுச்சா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாமல் இல்லை, அம்மா. சுவீடனுக்கு 1983இலேயே தெரிந்திருந்தது. 1985இல் விதியாகவும் எழுதி வைத்திருந்தனர். தோட்டத்தில் நடப்பதைப் பார்த்து வெளியே சொல்ல ஆள் வந்தபோதுதான் அந்த விதிக்கு உயிர் வந்தது. சொன்ன பின்பும் எதிர்ப்பு வலுத்தபோது அது தளர்ந்தது. தரத்தை வகுப்பவரே தரத்தைக் கண்காணிப்பவராகவும் இருந்துவிட்டால், நகம் வெடித்தவளின் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. நஞ்சின் பெயர் மாறியிருக்கலாம். தெளிப்பான் இன்னும் ஒருவர் முதுகில்தான் இருக்கிறது. அவர்களுக்காகவும் யாரேனும் கணக்கெடுக்க வேண்டும்.

அந்த மாணவியிடம், பாட்டியிடம் இன்னும் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். எந்த ஆண்டு, எந்த மருந்து, கையுறை கொடுத்தார்களா என்று கேட்கும்படி சொன்னேன். உங்கள் வீட்டிலும் மருந்து அடித்த கைகள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.