மனச்சோர்வும் புற்றுநோயும்

மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுமா என்பது மருத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. இதுவரை திரண்ட சான்றுகள் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு 'இல்லை' என்ற பக்கமே சாய்கின்றன. நுரையீரல் புற்றுநோய் முதலான, புகைப்பழக்கத்தால் வரும் வகைகளில் மட்டும் சிறு தொடர்பு தென்படுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கிரேக்கரான கேலன், உடலில் கரும்பித்தம் மிகுந்தால் மனம் வாடும், அதே பித்தம் ஓரிடத்தில் தேங்கினால் புற்றாகும் என்று கருதினார். அவர் கணக்கில் சோர்வு புற்றை உண்டாக்குவதில்லை. இரண்டும் ஒரே வேரில் கிளைப்பவை. 19ஆம் நூற்றாண்டில் இந்த நுணுக்கம் நழுவிவிட்டது. இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், கவலைக்கும் ஏமாற்றத்துக்கும் பின்னால் புற்று வளர்வதைப் பலமுறை கண்டதாக எழுதினார். லண்டன் புற்றுநோய் மருத்துவமனையின் ஹெர்பர்ட் ஸ்னோ, நோயாளிகளிடம் முன்பு பட்ட துயரங்களைக் கேட்டுத் தொகுத்தார். நோய் வந்தபின் கேட்டால் யாருக்குத்தான் ஒரு துயரம் நினைவுக்கு வராது?

இந்தக் குறையைத் தவிர்க்க, நலமாக இருக்கும்போதே மனநிலையை அளந்து, பல்லாண்டு பின்தொடரும் ஆய்வுகள் தொடங்கின. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் வேலை பார்த்த 2,020 ஆண்களை 17 ஆண்டுகள் கவனித்து 1981இல் வெளியான ஆய்வில், சோர்வு மிகுந்தவர்களிடையே புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. 1989இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு ஏறத்தாழ 6,400 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, எந்தத் தொடர்பும் இல்லை என்றது. 1998இல் 71 வயதும் அதற்கு மேலும் ஆன 4,825 பேரிடம் நடந்த ஆய்வு, ஆறாண்டு விடாமல் சோர்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து 88 விழுக்காடு அதிகம் என்றது. ஆனால் அப்படி நீடித்த சோர்வு இருந்தவர்கள் 146 பேர்தான். இத்தனை சிறிய கூட்டத்தில் நான்கைந்து நோயாளிகள் கூடினாலோ குறைந்தாலோ விழுக்காடு எங்கோ போய்விடும்.

எண்ணிக்கைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது 2023இல் வெளிவந்த கூட்டாய்வு. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடா ஆகிய நாடுகளின் 18 ஆய்வுகளைச் சேர்ந்த 3,19,613 பேரின் தரவுகளை அது ஒன்றுதிரட்டியது. அவர்களில் 25,803 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல் புற்றுகளுக்கும், மது தொடர்பான புற்றுகளுக்கும் மனச்சோர்வோ பதற்றமோ ஆபத்தைக் கூட்டவில்லை. நுரையீரல் புற்றிலும் புகை சார்ந்த பிற வகைகளிலும் 6 முதல் 60 விழுக்காடு வரை கூடுதல் தெரிந்தது. புகைப்பழக்கம், குடி, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதுவும் தேய்ந்தது. மனம் சோர்ந்தவர் அதிகம் புகைக்கிறார், விடுவதும் அவருக்குக் கடினம். சோர்வுக்கும் நுரையீரலுக்கும் நடுவே நிற்பது சிகரெட்.

இத்துறையில் ஒரு கறையும் உண்டு. லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க், ரொனால்ட் கிராசார்ட்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து, உணர்ச்சிகளை அடக்கி நம்பிக்கை இழப்பவர்களுக்கே புற்றுநோய் பெரிதும் வருகிறது, அதில் புகையிலையின் பங்கு குறைவு என்ற பொருள்பட எழுதிவந்தார். ஐசங்கின் ஆராய்ச்சிக்குப் புகையிலைத் துறையிலிருந்து பணம் வந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை முடிவு செய்தது. பல பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

சில வேளைகளில் வரிசையே தலைகீழாகிறது: புற்று முதலில், சோர்வு பிறகு. கணையப் புற்றில் வலியோ மஞ்சள் காமாலையோ தெரியும் முன்பே காரணமில்லாத மனவாட்டம் தோன்றலாம் என்பதை மருத்துவர்கள் 1930களிலேயே பதிவு செய்தனர். மனநிலைக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 89,491 டென்மார்க் மக்களின் பதிவேடுகளில், சேர்ந்த முதல் ஆண்டில் மூளைப் புற்று அதிகம் கண்டறியப்பட்டது. சோர்வென்று கருதப்பட்டது அந்தக் கட்டியின் முதல் அறிகுறியாகவே சிலருக்கு இருந்திருக்க வேண்டும்.

உடலியல் வழி அறவே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. நீடித்த மன அழுத்தம் கார்டிசால், நோர்அட்ரினலின் சுரப்புகளை மாற்றுகிறது, அழற்சியைத் தூண்டுகிறது. தொடர்ந்து அடைத்துவைத்து அழுத்தத்துக்கு உள்ளாக்கிய சுண்டெலிகளில் சினைப்பைக் கட்டி வேகமாக வளர்ந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். ஆனால் அது, செலுத்தப்பட்ட கட்டி வளர்ந்த கதை. இல்லாத கட்டி புதிதாக முளைத்த கதை அல்ல.

நோய் வந்தபின் நிலைமை வேறு. ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, சோர்வின் அறிகுறிகள் உள்ள புற்றுநோயாளிகளிடையே இறப்பு 25 விழுக்காடும், மனச்சோர்வு நோய் உறுதியானவர்களிடையே 39 விழுக்காடும் அதிகம். ஸ்காட்லாந்தில் 500 புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. செவிலியரும் மனநல மருத்துவரும் கூட்டாகச் சிகிச்சை அளித்த பிரிவில் 62 விழுக்காட்டினருக்குச் சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் 17 விழுக்காட்டினருக்கே அப்படி. பின்னர் கணக்கிட்டபோது ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. வலியும் அயர்வும் குறைந்திருந்தன.