மலட்டு எண்ணும் வித்ரு எண்ணும்: சுவாஹிலி மொழியில் கணிதச் சொற்கள்

தன்சானியாவின் ஆரம்பப் பாடசாலைக் கணிதத்தில் இரட்டை எண்ணுக்கு 'நம்பா ஷுஃப்வா' என்று பெயர். ஒற்றை எண்ணுக்கு 'நம்பா வித்திரி'. இஷாவுக்குப் பிறகு வித்ரு தொழுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது சொல்லை விளக்கத் தேவையில்லை. சூரத்துல் பஜ்ரின் தொடக்கத்தில் இரட்டையும் ஒற்றையும் சேர்ந்து வரும் இடத்தை ஓதியவர்களுக்கு முதலாவது சொல்லும் பிடிபட்டுவிடும். 'நம்பா' மட்டும் இங்கிலீஷில் இருந்து வந்தது.

ஆபிரிக்க மொழிகளில் கணிதத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. அந்த மொழிகளிடம் சொல் இல்லை, ஆகவே இங்கிலீஷோ பிரெஞ்சோதான் வழி என்பது கேட்பவர்களின் எண்ணம். ஒரு மொழியை மட்டும் எடுத்து, அதன் கணிதச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தெரியும். சுவாஹிலியை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் சொற்களில் பாதி நமக்கும் தெரிந்த சொற்கள் என்பதுதான்.

எண்ணுப் பெயர்களில் இருந்து தொடங்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ. எல்லாம் பாந்து மொழிக் குடும்பத்துச் சொற்கள். ஆறு 'சித்தா', ஏழு 'சபா', ஒன்பது 'திசா'. இவை அறபு. இடையில் எட்டும் பத்தும் ('நானே', 'கூமி') திரும்பவும் பாந்து. இருபது முதல் தொண்ணூறு வரை முழுக்க அறபு. நூறு 'மியா', ஆயிரம் 'எல்ஃபு'. அதற்கு மேலே போனால் 'லக்கி' வருகிறது. அது நம்மட இலட்சம்தான், இந்திய வியாபாரிகளோடு கடல் கடந்து போனது. மில்லியன் வெள்ளைக்காரனோடு வந்தது. யார் யார் எந்தக் கணக்கோடு அந்தக் கரையில் இறங்கினார்கள் என்பதை எண்ணுப் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

அறபுச் சொல் வருமுன் ஆறுக்கும் ஏழுக்கும் பெயர் இல்லாமல் இருந்ததா? இருந்தது. ஆறு 'தந்தாத்து', ஏழு 'ஃபுங்காத்தே', ஒன்பது 'கெந்தா'. இதில் ஃபுங்காத்தே முழுதாகச் சாகவில்லை. கல்யாணம் முடித்த மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்திருக்கும் முதல் ஏழு நாளுக்கு அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. கடைத்தெருக் கணக்கில் தோற்ற சொல் கல்யாண வீட்டில் பிழைத்துக்கொண்டது.

பின்னங்களுக்கு வருவோம். அரை 'நுசு', மூன்றில் ஒன்று 'துலுதி', கால் 'ரோபோ', எட்டில் ஒன்று 'துமுனி'. மத்ரஸாவில் பராயிழ் ஓதியவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே சிரிப்பார்கள். வாரிசுப் பங்கீட்டில் வரும் நிஸ்ஃபு, துலுது, ருபுஉ, துமுன் என்பவைதாம் இவை. இலாபம் 'ஃபாய்தா', நட்டம் 'ஹசாரா'. வட்டிக் கணக்குக்கு என்ன சொல் என்று கேட்டால், 'ரிபா'! பாடப்புத்தகத்திலும் வங்கியிலும் அதே சொல்தான். வட்டியை அதன் உண்மைப் பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டு கணக்குச் செய்கிற பிள்ளைகள் அவர்கள். நம் பாடப்புத்தகம் இந்தச் சங்கடத்தை நமக்குத் தரவில்லை.

இப்படி அறபு மிகுந்திருப்பதைக் காட்டி, இது சொந்தச் சொல்லே அல்ல என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. 'பெருக்கு' என்பதற்கான சுவாஹிலிச் சொல்லைப் பாருங்கள். அறபில் அதிகரிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த 'ஸிதி' என்றால் பெருகு. அதோடு 'இஷா' என்ற பாந்து விகுதி சேர்ந்தால் 'ஸிதிஷா', பெருகச் செய். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய இடம். பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. கூட்டலும் அப்படித்தான்: ஜும்லா என்ற அறபுச் சொல்லோடு அதே விகுதி ஏறி 'ஜும்லிஷா' ஆகிறது. வேர் எங்கிருந்து வந்தாலும் அதை வளைத்து வேலை வாங்குவது பாந்து இலக்கணம். நிய்யத் வைத்தான், மௌத்தாகிவிட்டார் என்று நாம் சொல்லும்போது பேசுவது தமிழ்தானே.

இந்தச் சொற்களெல்லாம் ஒரே நாளில் பாடசாலைக்குள் வந்தவை அல்ல. பல நூற்றாண்டு காலம் அறபு எழுத்தில் எழுதப்பட்ட மொழி அது. ஜேர்மானியர் தங்கள் ஆட்சியில் அதை நிர்வாகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சன்சிபார்ப் பேச்சைப் பொது வழக்குக்கு அடிப்படையாகத் தெரிந்தது. 1930இல் அதற்கென ஒரு குழுவும் அமைந்தது. பாடசாலைக்கு உரோம எழுத்தே நிலைத்தது.

பெரிய திருப்பம் 1967. அந்த வருடம் தன்சானியாவில் ஆரம்பக் கல்வி முழுவதற்கும், அதாவது ஏழு வகுப்புக்கும், சுவாஹிலி போதனா மொழியானது. 'பக்கித்தா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய சுவாஹிலிச் சபையும் அதே வருடம்தான் உருவானது. கலைச்சொற்களைப் பட்டியல் பட்டியலாக அது வெளியிட்டது. முதலில் சுவாஹிலிக்குள்ளேயும் அதன் வட்டார வழக்குகளிலும் தேடு, பிறகு மற்றப் பாந்து மொழிகளில் தேடு, கிடைக்காவிட்டால்தான் வெளியே போ என்பது முறை.

உள்ளே தேடிக் கிடைத்தவற்றில் சில மிக அழகானவை. 'பெம்பே' என்றால் கொம்பு, மூலை என்றும் பொருள். முக்கோணம் 'பெம்பேதாத்து', மூன்று மூலை. ஊடுருவு என்ற வினையிலிருந்து விட்டம், 'கிப்பென்யோ'. சமப்படுத்து என்பதிலிருந்து சமன்பாடு, 'ம்லிங்கான்யோ'. நம் கலைச்சொல்லும் அதே சிந்தனையில் பிறந்ததுதான்.

பங்கிடு என்பதற்கு 'கவா'. அதிலிருந்து பிரிப்பது 'கிகாவோ', பிரிக்கப்படுவது 'கிகாவே'. ஓர் உயிர்தான் வித்தியாசம். பொதுக் காரணிகளுட் பெரியதற்கு முதற்சொல்லும், பொது மடங்குகளுட் சிறியதற்கு இரண்டாவது சொல்லும் வரும். காரணி, மடங்கு என்று வேறு வேறாக இருக்கும்போதே நம் பிள்ளைகள் மாற்றிப் போடுகிறார்கள். ஓகார ஏகாரத்தில் மட்டும் வேறுபட்டால் வாத்தியார் பாடு என்னவாகும்! ஆனால் இலக்கணம் கணிதத்தின் உறவை அப்படியே காட்டிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டிலும் 'பொது' என்பதற்கு வரும் சொல் 'ஷிரிக்கா'. இஸ்லாமிய வங்கிக்காரர் சொல்லும் முஷாரகாவின் வேர்.

முதன்மை எண்ணுக்கு வைத்த பெயர்தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 'நம்பா தாசா'. தாசா என்றால் மலடு. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறொன்றாலும் வகுபடாத எண், உள்ளே எதுவும் இல்லாத எண், அதனால் மலடு. பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். ஆனால் மற்றப் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை தலைகீழ். 12 என்பது 2, 2, 3 பெருகிப் பிறந்தது. எல்லா எண்ணுக்கும் தாய் இந்த மலடிகள்தாம். தமிழ்நாட்டார் 'பகா எண்' என்பதும் மலட்டுப் பக்கத்தைத்தான் பார்க்கிறது. நம் 'முதன்மை எண்' மற்றப் பக்கத்தைப் பார்க்கிறது. எந்தக் கலைச்சொல்லும் பொருளின் ஒரு முகத்தைத்தான் காட்டும், இங்கிலீஷ்ச் சொல் உட்பட.

இன்னொரு வேடிக்கை. பூச்சியத்துக்குச் 'சிஃபுரி' என்ற சொல் அறபிலிருந்து நேரே வந்தது. (நாம் பேச்சில் சொல்லும் 'சைபர்' அதே சொல்தான், ஐரோப்பாவைச் சுற்றி வந்தது.) ஆனால் அட்சரகணிதத்துக்கு அவர்கள் சொல்வது 'அல்ஜெப்ரா'. அல்குவாரிஸ்மி பக்தாதில் எழுதிய அல்ஜப்ர், இலத்தீனுக்குப் போய், இங்கிலீஷுக்குப் போய், கடைசியில் மஸ்கட்டுக் கப்பல்கள் காலகாலமாக வந்து நின்ற கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடைத்தெருவுக்கும் காழி நீதிமன்றத்துக்கும் வேண்டிய கணிதம் கப்பலில் வந்தது. உயர்கணிதம் காலனியப் பாடசாலை வழியாக வந்தது.

உண்மையான இடர் அங்கேதான் இருக்கிறது. ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப் பாடசாலைக்குள் நுழைந்ததும் போதனா மொழி இங்கிலீஷ். பெம்பேதாத்து 'டிரையாங்கிள்' ஆகிறது, ம்லிங்கான்யோ 'ஈக்குவேஷன்' ஆகிறது. ஏழு வருடம் கைக்குப் பழகிய சொற்களை ஒரே தவணையில் கீழே போட வேண்டும். 1982இல் அறிக்கை தந்த ஜனாதிபதி ஆணைக்குழு, மக்வேத்தா ஆணைக்குழு, இடைநிலைப் பாடசாலைகளை 1985இலிருந்து சுவாஹிலிக்கு மாற்றும்படி சொன்னது. அரசாங்கம் 1983இல் அதை ஏற்க மறுத்தது. நம் நாட்டில் உயர்தர இணைந்த கணிதத்தையும் தமிழில் படித்துப் பரீட்சை எழுதலாம் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல் போதாததால்தான் அந்தக் கதவு மூடியது என்றும் சொல்ல முடியாது. வடக்கே சோமாலியாவைப் பாருங்கள். 1972இல்தான் அந்த மொழிக்கு அரச அங்கீகாரம் பெற்ற எழுத்தே வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இடைநிலைப் பாடசாலைக் கணிதமும் சோமாலியில் நடந்தது. முக்கோணம் அங்கே 'சத்தெஹகல்', மூன்று கோணம். 1991இல் அரசு விழுந்தபோது பாடசாலைகளும் விழுந்தன. மேற்கே செனகலில், ஷேக் அன்டா டியோப் என்ற அறிஞர் கணக் கோட்பாட்டையும் சார்பியலையும் வொலொஃப் மொழியில் எழுதி 1975இல் வெளியிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கல்வி அமைச்சு நிற்கவில்லை.

தன்சானிய இடைநிலை வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதிவிட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சுவாஹிலிக்கு மாறி விளக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பாடம் சுவாஹிலியில் விளங்குகிறது. பரீட்சைத் தாள் இங்கிலீஷில் வருகிறது.