எந்த விமானத்தின் பொம்மை?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பித்தளை விமானம். வயிற்றிலிருந்து இறங்கும் கம்பி, அதன் அடியில் சாம்பல் கிண்ணம். ‘வெள்ளக்காரன் காலத்து சாமான் சார். ஸ்பிட்ஃபயரு. வேர்ல்டு வார்ல சண்ட போட்டது’ என்றார் கடைக்காரர். போர் என்ற சொல்லுக்குத் தனி விலை உண்டு.

பொம்மையை வாசிக்கலாம். சக்கரங்கள் வெளியே நிற்கின்றன. ஸ்பிட்ஃபயர் அவற்றை மடித்துக்கொள்ளும். ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது, வார்த்தவர் அழகுக்காக நிறுத்தியிருக்கலாம். இருக்கைகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. சண்டை போட்ட ஸ்பிட்ஃபயரில் ஒருவர்தான் உட்கார முடியும். ஹார்வர்டுக்கு இரண்டு உண்டு, ஆனால் மூக்கு உருண்டை; இதற்கோ ஒடுங்கிய மூக்கு. பிரென்டிஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். டைகர் மாத்துக்கு இரட்டை இறக்கை. கனடாவில் பிறந்த சிப்மங்க்தான் குழப்பும், கிட்டத்தட்ட இதே சாயல். இறக்கையில் அழியாமல் மிஞ்சிய மூவண்ண வட்டம் நம்மை வேறு பக்கம் தள்ளுகிறது: எச்.டி.-2.

பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் வி.எம். காட்கே குழு வடிவமைத்து, 1951 ஆகஸ்டில் முதலில் பறந்த பயிற்சி விமானம். சுமார் 170 கட்டினார்கள். சுதேசிதான், ஆனாலும் எஞ்சின் பிரிட்டனின் 155 குதிரைசக்தி சிரஸ் மேஜர் (சுதேசியின் மூக்கு எப்போதும் அப்படித்தான்). 1959இல் கானா தன் விமானப்படையைத் தொடங்கியபோது 12 எச்.டி.-2 அங்கே போயின, கற்றுக்கொடுக்க இந்திய அதிகாரிகளும் போனார்கள். நேற்றுவரை காலனியாக இருந்த ஒரு நாடு, இன்னொன்றுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தது. இது நம் போர் வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

தாம்பரத்துக்கும் இதுதான் நேர்ந்தது. 1948இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954இல் இங்கே வந்தது. ஓட்டுபவர்களுக்கு அல்ல, ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான பள்ளி. சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் தலைக்கு மேல் சுற்றிச்சுற்றி வந்தவை குண்டு போடப் போனவையல்ல, பாடம் படித்தவை. முன்னிருக்கையில் ஒருவர் தப்புச் செய்ய, பின்னிருக்கையில் ஒருவர் பொறுத்திருக்க. அந்த இரண்டாவது இருக்கையை அழித்தால்தான் பொம்மை ஸ்பிட்ஃபயர் ஆகும். வீரன் ஒருவன்தான் என்று நமக்குப் பழக்கம்.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கடைக்காரர் இரண்டு இருக்கைகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

‘அப்ப இது வாத்தியார் வண்டியா? அத வெளிய சொல்லிறாதீங்க சார், வெல எறங்கிரும்.’