மென்பொருள் வரிவிதிப்பு (இந்தியா)

மென்பொருள் வாங்கியவர் கையில் இருப்பது பொருளா, உரிமையா? இந்தியாவில் இதன் மீதான வரி வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முட்டி நின்றன. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் (2004), குறுந்தகட்டில் பதித்து விற்கும் மென்பொருள் சரக்குதான், ஆந்திரப் பிரதேசம் அதற்கு விற்பனை வரி வசூலிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அறிவின் விளைவு என்பதால் அது சரக்கல்ல என்ற வாதம் எடுபடவில்லை. புத்தகமும் அறிவின் விளைவுதானே.

வருமான வரித்துறையோ, வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கக் கொடுக்கும் பணத்தை ராயல்டி என்றது. ஆகவே பணம் அனுப்புபவர் வரி பிடித்தம் செய்தாக வேண்டும் என்பது அதன் வாதம். 2012 நிதிச் சட்டம் இதற்கான விளக்கத்தை 1976 முதல் பின்தேதியிட்டுச் சேர்த்தது, குறுந்தகடே சந்தைக்கு வராத காலத்துக்கும்! இஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பிரித்துப் படித்தது. பிரதி எடுத்து விற்கும் உரிமை கைமாறினால்தான் ராயல்டி. பயன்படுத்த மட்டும் அனுமதி பெற்றவரிடம் அந்த உரிமை இல்லை. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் உள்நாட்டுத் திருத்தம் அதை மீறாது.

இதனால் இங்கே நிலையான அலுவலகம் இல்லாத நிறுவனங்கள் வரி கட்டாமல் தப்பிவிடும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் அதற்குப் பரிகாரம் புதிய வரி. பழைய சொல்லை இழுத்து நீட்டுவதல்ல. இணைய விளம்பரங்களுக்கு 2016இல் வந்த 6% சமன்படுத்தும் வரி அத்தகைய நேர்வழி. அது 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது.