வோங் பெங் சூன்

மலாயாவின் பூப்பந்தாட்டக்காரர்களுள் தலைசிறந்தவராகப் பலராலும் மதிக்கப்படுபவர். ஜொகூர் பாருவில் பிறந்தவர். ஆல் இங்கிலாந்து போட்டியின் ஆடவர் தனியர் பட்டத்தை 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை வென்றவர். ஆசியாவிலிருந்து சென்று அப்பட்டத்தை முதன்முதலில் பெற்றவர் இவரே என்பர். பிறந்த நாள் பிப்ரவரி 17 எனினும், பிறந்த ஆண்டை 1917 என்று சிலரும் 1918 என்று சிலரும் குறிப்பர். கடைசிப் பட்டத்தை வென்றபோது இவருக்கு வயது முப்பத்தேழா, முப்பத்தெட்டா என்பது அதைப் பொறுத்தது. எக்கணக்கின்படியும் அது ஓடியாடும் பந்தயங்களில் பெரும்பாலோர் ஓய்ந்துவிடும் பிராயமேயாகும்.

ஜொகூர் ஜலசந்தியின் மீது அமைந்த தரைப்பாலம் 1924-ல் திறக்கப்பட்டபோது இவர் சிறுவர். பிற்காலத்தில் இவருடைய வாழ்க்கை பெரும்பாலும் பாலத்திற்கு அப்பாலிருந்த சிங்கப்பூரோடு பிணைந்தது. 1934-ல் மலாயாப் பூப்பந்துச் சங்கம் தோன்றி, 1937-ல் அகில மலாயாப் போட்டிகள் தொடங்கின. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் வோங் முன்னணிக்கு வந்தார். ஜப்பானிய ஆதிக்கக் காலத்தில் (1942-45) போட்டிகள் நின்றன.

யுத்தத்திற்குப் பின்வந்த பத்தாண்டுகளே இவரைப் பற்றிய செய்திகள் மலிந்த காலம். சர் ஜார்ஜ் தாமஸ் 1939-ல் வழங்கிய கோப்பைக்கான தேசங்களுக்கிடையிலான முதற்போட்டி, யுத்தத்தால் தடைப்பட்டு, 1948-49-ல்தான் நடைபெற்றது. லிம் சுவான் கியோக்கின் தலைமையில் இங்கிலாந்து சென்ற மலாயா அணியில் வோங்கோடு ஊய் டெய்க் ஹொக், தியோ செங் கூன், ஓங் போ லிம் முதலியோர் இருந்தனர். கிளாஸ்கோ நகரில் அமெரிக்காவை 6-3 என்ற கணக்கில் வென்று, பிரெஸ்டன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் டென்மார்க்கை 8-1 என்று வீழ்த்தி, கோப்பையை முதன்முதலில் கைக்கொண்ட தேசம் என்ற கீர்த்தியை மலாயா பெற்றது. கூட்டரசு மலாயாவும் சிங்கப்பூரும் அப்போது வெவ்வேறு ஆட்சிப் பிரிவுகளாக இருந்தும், ஆடுகளத்தில் ஒரே கொடியின்கீழ் நின்றன. வோங்கை இன்று இரு நாட்டாரும் தம்மவர் என உரிமை கொண்டாடுவதற்கு இதுவே காரணம். பிறப்பை நோக்கினால் ஜொகூரின் பாத்தியதையும், வாழ்வை நோக்கினால் சிங்கப்பூரின் பாத்தியதையும் வலுவுடையன.

அந்த வெற்றிப் பயணத்திலும் ஒரு குறை இருந்தது. அமெரிக்க வீரர் டேவ் ஃப்ரீமன் கிளாஸ்கோவில் தம் தனியர் ஆட்டங்களை வென்றதோடு, அவ்வாண்டின் ஆல் இங்கிலாந்து பட்டத்தையும் இறுதியில் ஊய் டெய்க் ஹொக்கை வென்று எடுத்துச் சென்றார். பின்னர் அவர் வைத்தியத் தொழிலில் ஆழ்ந்தமையால் வோங்கின் வழி எளிதாயிற்று என்று கருதுவோர் உளர். யுத்தம் இடையிட்டிராவிடில் வோங்கின் பட்டங்கள் இன்னும் பெருகியிருக்கும் என்று மறுமொழி கூறுவோரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் மெய்ப்பிக்க வழியில்லை.

1950-ல் டென்மார்க் வீரர் பவுல் ஹோல்மை இறுதியாட்டத்தில் வென்று வோங் முதற்பட்டம் பெற்றார். மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1947-ல், பஞ்சாபைச் சேர்ந்த பிரகாஷ் நாத் இதே போட்டியில் இறுதிவரை வந்து ஸ்வீடனின் கோனி ஜெப்சனிடம் தோற்றிருந்ததை இங்கே நினைவுகூரலாம். 1951-ன் இறுதியாட்டத்தில் வோங்கை எதிர்த்தவர் தாயகத்து வீரரான ஓங் போ லிம். லண்டன் மாநகரில் ஆங்கிலேயர் சூழ்ந்திருந்து பார்க்க, மலாயாக்காரர் இருவர் மட்டையேந்தி நின்றனர். 1952-ல் மூன்றாம் பட்டம் கிட்டியது. அதே ஆண்டு சிங்கப்பூரில் அமெரிக்காவை 7-2 என்று வென்று தாமஸ் கோப்பையை மலாயா தக்கவைத்துக் கொண்டது.

வோங்கின் ஆட்டத்தைக் கண்டோர் பெரிதும் வியந்து பேசுவன இரண்டு: பாதங்களின் நடையும் பின்கை வீச்சும். பந்து வரும் திசையை முன்னரே ஊகித்து, அவசரமின்றி அவ்விடம் சேர்ந்துவிடும் வழக்கமுடையவராதலின், களத்தில் இவர் ஓடினார் என்பதைக் காட்டிலும் உலாவினார் என்பதே பொருந்தும். பொதுவாக ஆட்டக்காரர்கள் தற்காப்பிற்கு மட்டும் கையாளும் இடப்புறத்துப் பின்கையை இவர் தாக்குதலுக்குரிய ஆயுதமாக்கிக் கொண்டார். சர்வீஸ் போடுபவருக்கே புள்ளி உண்டு என்ற அக்கால விதியால் ஆட்டங்கள் நீண்டன. அத்தகைய ஆட்டத்தில் அங்கசக்தியைச் சிக்கனமாகச் செலவிடத் தெரிந்தவருக்கு வயது ஒரு தடையாகவில்லை.

இதற்கு நேர்மாறான சுபாவமுடையவர் பினாங்கைச் சேர்ந்த எடி சூங். உருவத்தில் குள்ளர், ஓயாது ஓடுபவர், துள்ளியெழுந்து ஸ்மாஷ் அடிப்பவர், வோங்கிற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இளையவர். 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் பட்டம் அவரிடமே இருந்தது. 1955-ன் இறுதியாட்டத்தில் இருவரும் எதிர்ப்பட்டு மூன்று செட்டுகள் பொருதி, 15-7, 14-17, 15-10 என்ற கணக்கில் வோங் வென்றார். இரண்டாம் செட்டை நூலிழையில் இழந்த மூத்தவர், இளையவரின் வேகத்திற்கு ஈடுகொடுத்து மூன்றாவதையும் ஆடி முடித்தது இவருடைய சாதனைகளுள் தலையாயது என்று கொள்வதில் தவறில்லை. அவ்வாண்டே சிங்கப்பூரில் டென்மார்க்கை 8-1 என்று வென்று மலாயா மூன்றாம் முறையும் தாமஸ் கோப்பையைப் பெற்றது. மூன்று வெற்றிகளிலும் வோங்குக்குப் பங்குண்டு. அதன்பின் இவர் பெரும் பந்தயங்களிலிருந்து விலகினார். 1956, 1957 ஆகிய ஆண்டுகளிலும் சூங்கே வென்றமையால், 1950 முதல் எட்டாண்டுகள் அப்பட்டம் மலாயாவை விட்டு நீங்கவில்லை. இருவருக்கும் நான்கு நான்காகப் பங்கு அமைந்தது. தாமஸ் கோப்பையையோ 1958-ல் இந்தோனேசியா கவர்ந்தது.

ஓய்வுக்குப் பின் வோங் பயிற்றுநராகப் பணியாற்றினார். 1962-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் எம்.பி.இ. விருதளித்தது. 1996 மே 22 அன்று சிங்கப்பூரில் காலமானார்.